ஹாக்பேக் கற்கள்: கரடிகள் கவ்விப் பிடித்து நிற்கும் இந்தக் கல்வீடுகள் யாருக்காகச் செதுக்கப்பட்டன?

#1 நீலமலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கிளாஸ்கோவின் கோவன் பகுதியிலுள்ள பழைய தேவாலயத்தில் ஐந்து பெரிய கற்கள் இருக்கின்றன. வைக்கிங் காலத்துக் கல்லறைக் கற்கள் என்று சொல்லப்படும் இவற்றுக்கு ஹாக்பேக் என்று பெயர். பிரிட்டனில் கிடைத்த இவ்வகைக் கற்களில் இவையே மிகப் பெரியவை. ஒவ்வொன்றும் அரை டன்னை ஒட்டிய எடை உள்ளது. எட்டி நின்று பார்த்தால் தரையில் கவிழ்த்த ஓடம் போலத் தோன்றும். குனிந்து பார்த்தால்தான் அது கூரை என்பது தெரிகிறது. பக்கங்களில் மரச்சில்லு வேய்ந்த கூரையைப் போலச் செதில்கள் வரிசை வரிசையாக இறங்குகின்றன. முகடு நடுவில் உயர்ந்து இரு முனைகளிலும் தாழ்கிறது. அந்த முனைகளில் ஏதோ ஒரு விலங்கு கூரையைக் கவ்விக்கொண்டு படுத்திருக்கிறது. கோவனில் அந்த விலங்கின் முகம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது, கால்களை மட்டும் விரலால் தொடரலாம்.

என் ஐயம் இதுதான். இவை வைக்கிங் கற்கள் என்றால் நார்வேயிலும் டென்மார்க்கிலும் இவற்றைப் போன்றவை ஏன் ஒன்றுகூட இல்லை? அங்கே பிறக்காத ஒரு வடிவத்தை இங்கே வந்து குடியேறியவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்?

#2 வடகடல்

நல்ல கேள்வி, நீலமலை. விடை தேடுவதற்குக் கோவனை விடப் பொருத்தமான இடம் வடக்கு யார்க்ஷயரில் நார்தலர்ட்டன் அருகிலுள்ள பிராம்ப்டன் என்னும் சிற்றூர். 1867ஆம் ஆண்டு அவ்வூர்த் தேவாலயத்தைச் சீரமைத்தபோது ஹாக்பேக் கற்கள் குவியலாகவே வெளிப்பட்டன. சில டர்ஹம் பேராலயத்துக்குச் சென்றன. நல்ல நிலையிலுள்ள மூன்று இன்றும் அத்தேவாலயத்துக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே முனை விலங்கு எது என்பதில் ஐயமே வராது. அது கரடி. வட்டமான காதுகள், தடித்த கழுத்து, கூரையின் ஓரத்தில் பதிந்த மூக்கு, பக்கச் சுவரை அணைத்துப் பிடிக்கும் முன்னங்கால்கள் எல்லாம் முழு உருவமாகத் திரண்டு நிற்கின்றன. மூக்கைச் சுற்றி ஒரு வார் ஓடுகிறது, அதாவது கரடிக்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கிறார்கள். சிற்பி அந்த வாரின் விளிம்பைக்கூடத் தனியாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இக்கற்களை முறையாகத் தொகுத்து ஆராய்ந்தவர் ஜேம்ஸ் லாங். 1984இல் வெளியான ஆய்வில் இவற்றைக் குடியேறிகளின் நினைவுச் சின்னம் என்றே அவர் வகைப்படுத்தினார். பெரும்பாலானவை ஏறத்தாழ 920க்கும் 970க்கும் இடையில் எழுந்தவை என்பது அவர் கணிப்பு. டப்ளினை ஆண்ட நார்ஸ் (நார்வே வழிவந்த வைக்கிங்) குலத்தவர் யார்க் நகரத்தையும் பிடித்து, இழந்து, மீண்டும் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 954இல் அவ்வூரின் கடைசி வைக்கிங் மன்னன் எரிக் யார்க்கிலிருந்து விரட்டப்பட்டதோடு அந்த ஆட்டம் முடிகிறது. கற்கள் கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்தால் கம்பிரியா, லங்காஷயரின் கரையோரம், யார்க்ஷயரின் வடபகுதி, டீஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று புள்ளிகள் செறிகின்றன. டேனியர்கள் ஏராளமாகக் குடியேறிய லிங்கன்ஷயரிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் இவ்வடிவம் வேர் பிடிக்கவில்லை. ஆகவே குடியேறிகள் எல்லோருக்கும் பொதுவான வழக்கம் என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில், ஒரு குறிப்பிட்ட அரசியல் சூழலில், இரண்டு மூன்று தலைமுறைக்குள் பரவி அடங்கிய பாணி இது.

#3 கல்தச்சன்

வடகடல் அவர்களின் வரைபட விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் அதே வரைபடம் அவர் வாதத்துக்கு எதிராகவும் பேசுகிறது. டப்ளின் நார்ஸ் மக்களின் பாணி என்றால் அயர்லாந்தில் இவை நிறைந்திருக்க வேண்டாமா? அங்கே அறியப்பட்டது ஒன்றே ஒன்று, கில்டேர் மாவட்டத்துக் காசில்டெர்மட்டில் உள்ளது. மான் தீவிலும் அதே மக்கள்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அங்கே எழுந்தவை நிமிர்ந்து நிற்கும் சிலுவைக் கற்கள்.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. இவை கல்லறைக் கற்கள் என்று எல்லோரும் உறுதியாக எழுதுகிறோம். ஒரு புதைகுழியின் மேல், வைத்த இடத்திலேயே, அடியில் எலும்புக்கூட்டோடு தோண்டி எடுக்கப்பட்ட ஹாக்பேக் எது என்று யாராவது காட்டுங்கள். கம்பிரியாவின் காஸ்ஃபர்த்தில் கிடைத்த இரண்டும் 1896-97இல் தேவாலயத்தை விரிவாக்கியபோது பழைய சுவரின் அடித்தளத்திலிருந்து வந்தவை. பென்ரித்தின் ‘அரக்கன் கல்லறை’யில் இரு உயர்ந்த சிலுவைத் தூண்களுக்கு நடுவே நான்கு ஹாக்பேக்குகள் நிற்கின்றன. ஓவன் சீசாரியஸ் என்ற மன்னன் வேட்டையாடிய காட்டுப்பன்றிகளே அந்த நான்கு கற்கள் என்று அவ்வூரில் கதை சொல்வார்கள். அந்த அடுக்குமுறை பிற்காலத்தவர் கைபடாதது என்று யாரும் உறுதி கூற முடியாது. கல் தேவாலய வளாகத்தில் கிடைத்தது என்பதற்கும் கல் ஒருவரின் கல்லறை மேல் இருந்தது என்பதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. நில எல்லைச் சின்னமாகவோ, ஒரு குடும்பத்தின் பல கல்லறைகளுக்குப் பொதுவான அடையாளமாகவோ இருந்திருக்கக் கூடாதா?

#4 வடகடல்

குழியோடு கிடைத்த ஹாக்பேக் இல்லை என்பது உண்மைதான், கல்தச்சன். ஆனால் அதற்கான காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றாகச் சீவிய, ஒரு மனிதன் நீளமுள்ள மணற்கல் கிடைக்கும்போது 12ஆம் நூற்றாண்டுக் கொத்தனார் அதை விட்டுவைப்பாரா? அடித்தளத்தில் போட்டதால்தான் அவை நமக்கு மிஞ்சின. வெளியே கிடந்தவை மழையில் கரைந்தன, உடைந்தன.

நேரடிச் சான்று இல்லாத இடத்தில் பக்கத்துச் சான்றைப் பார்ப்போம். யார்க் பேராலயத்தின் தெற்குக் குறுக்குக் கூடத்துக்கு அடியில் 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் நடந்த அகழாய்வில் இதே காலத்து இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. அங்கே செதுக்கிய பலகைக் கற்கள் கல்லறைகளின் மேலேயே, தலைமாட்டுக் கல்லும் கால்மாட்டுக் கல்லும் அருகிருக்க, வைத்த நிலையில் கிடைத்தன. ரோமர் விட்டுச்சென்ற கட்டடக் கல்லை மறுபடி செதுக்கியவையும் அவற்றில் உண்டு. 10ஆம் நூற்றாண்டு யார்க்ஷயரில், படுக்கைவாட்டில் கிடக்கும் செதுக்குக் கல் கல்லறையை மூடியது என்பது இதனால் நிறுவப்பட்ட செய்தி. ஹாக்பேக்கின் நீளமும் ஏறத்தாழ ஓர் ஆள் நீளமே. எல்லைக் கல்லுக்கு அந்த அளவும் வேண்டியதில்லை, படுத்த வடிவமும் வேண்டியதில்லை.

பென்ரித்தைப் பொறுத்தவரை உங்கள் எச்சரிக்கை முழுவதும் சரி. அந்தத் தொகுதியை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

#5 தேன்சிட்டு

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இக்கற்களை வைத்தவர்கள் வைக்கிங்குகளின் பழைய கடவுளரான ஓடினையும் தோரையும் வணங்கியவர்களா, கிறித்தவர்களா? தேவாலயத்தில் கிடைத்தன என்கிறீர்கள். ஆனால் சிற்பங்களில் நார்ஸ் புராணம் இருப்பதாகவும் படித்திருக்கிறேன்.

#6 நீலமலை

தேன்சிட்டு, குறுக்கிடுவதற்குத்தானே இழை. இதற்குக் காஸ்ஃபர்த்தைப் பார்த்துவிட்டுத்தான் விடை சொல்ல வேண்டும். அங்கே தேவாலய முற்றத்தில் ஏறத்தாழ 4.4 மீட்டர் உயரச் சிலுவைத் தூண் ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. கீழ்ப்பகுதி மரத்தண்டு போல உருண்டும் மேற்பகுதி நாற்பட்டையாகவும் இருக்கும். உலக அழிவின்போது ஓடினை விழுங்கிய ஓநாயின் தாடையை அவன் மகன் விடார் கிழிக்கும் காட்சி ஒரு பக்கம் உண்டு. கட்டுண்டு கிடக்கும் லோக்கியின் மேல் சொட்டும் பாம்பு நஞ்சை அவன் மனைவி சிகின் கிண்ணத்தில் ஏந்தும் காட்சி இன்னொரு பக்கம். அதே தூணில் கைவிரித்து நிற்கும் கிறிஸ்துவும், விலாவில் ஈட்டி பாய்ச்சும் வீரனும் இருக்கிறார்கள். பழைய கடவுளர் அழிந்து புதிய உலகம் பிறக்கும் கதை, சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவரின் கதைக்கு வழிவிடுகிறது என்று படிப்பதே பொருத்தமாகப் படுகிறது. வைத்தவர் கிறித்தவராகத்தான் இருக்க வேண்டும். தாத்தாவிடம் கேட்ட கதைகளை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்குள்ள இரு ஹாக்பேக்குகளில் ‘வீரன் கல்லறை’ என்பதில் ஆயுதம் தாங்கிய இரு அணிகள் எதிரெதிரே நிற்கின்றன. ‘புனிதர் கல்லறை’ என்பதன் முனைகளில் சிலுவையில் அறையப்பட்ட உருவம் இருக்கிறது. ஒரே தேவாலய வளாகத்தில் அருகருகே இருந்த கற்கள் இவை.

#7 கல்தச்சன்

காஸ்ஃபர்த் சிலுவையில் காட்சிகள் தெளிவாக இருப்பதால் அந்த வாசிப்பு தாங்கும். ஹாக்பேக்குகளில் அப்படி இல்லை என்பதைத் தேன்சிட்டு தெரிந்துகொள்ள வேண்டும். லங்காஷயரின் ஹேஷம் ஊரில் புனித பீட்டர் தேவாலயத்துக்குள் உள்ள கல்லை எடுத்துக்கொள்வோம். மனிதர்கள், மான், குதிரை, பறவைகள், ஒரு மரம் எல்லாம் அதில் சிதறிக் கிடக்கின்றன. பறநாகம் ஃபாஃப்னிரைக் கொன்ற சிகுர்டின் கதை என்கிறார் ஒருவர். கைகளை உயர்த்தி நிற்கும் நால்வரும் வானத்தைத் தாங்கும் நான்கு குள்ளர்கள் என்கிறார் இன்னொருவர். கைகளை உயர்த்துவது தொடக்கக் காலக் கிறித்தவர்களின் வழிபாட்டு நிலை என்று மூன்றாமவர் சொன்னால் அதையும் மறுக்க இயலாது. மூவரும் பார்ப்பது ஒரே கல்லைத்தான்.

சிற்பத்தைப் பார்க்கும் கண்ணே ஏமாற்றும் என்பதற்கு ஸ்வீடனின் காட்லாந்து தீவு நல்ல பாடம். அங்குள்ள சுண்ணாம்புக்கல் படக்கற்களில் கட்டம் போட்ட பாய்மரக் கப்பல்கள், எட்டுக்கால் குதிரை ஏறி வருபவன், கொம்புக் கிண்ணம் நீட்டி வரவேற்கும் பெண் என்று அரிய உருவங்கள் உள்ளன. சூன லிண்ட்க்விஸ்ட் 1941-42இல் வெளியிட்ட பெருந்தொகுப்புக்காக, தேய்ந்த கோடுகளின் மேல் தாம் கண்டபடி வண்ணம் பூசிப் படமெடுத்தார். பிறகு வந்தவர்கள் பல பத்தாண்டுகள் கல்லை விட்டுவிட்டு அந்த வண்ணத்தையே ஆராய்ந்தார்கள். அண்மைக் காலத்தில் பல கோணங்களிலிருந்து ஒளிபாய்ச்சிக் கணினியில் தொகுக்கும் முறையால் அக்கற்களைத் திரும்பப் பார்த்தபோது, சில உருவங்கள் மாறின, சில காணாமலே போயின. ஹாக்பேக்குகளைப் பற்றி நாம் இங்கே எழுதும் எந்தக் கதையும் இந்த எச்சரிக்கைக்கு உட்பட்டதே.

#8 தேன்சிட்டு

அப்படியானால் இக்கற்கள் அக்காலத்தில் வண்ணம் பூசப்பட்டே இருந்தனவா? நான் இதுவரை பார்த்த படங்களில் எல்லாம் வெறும் சாம்பல் நிறம்தான்.

#9 வடகடல்

ஆம், வண்ணத்தோடு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வடக்கு இங்கிலாந்துச் செதுக்குக் கற்கள் சிலவற்றில் வெண்சுண்ணப் பூச்சும் அதன் மேல் செந்நிறமும் ஒட்டியிருப்பது தெரிய வந்திருக்கிறது. லண்டனில் 1852இல் புனித பவுல் பேராலய முற்றத்தில் ஒரு கல் கிடைத்தது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல், பெட்டி வடிவக் கல்லறை ஒன்றின் முனைப் பலகை. தலையைத் திருப்பிப் பின்னோக்கிப் பார்க்கும் பெருவிலங்கு ஒன்று அதில் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. விளிம்பில் ரூன் என்னும் பழைய வடநாட்டு எழுத்தில், கின்னாவும் டோக்கியும் இக்கல்லை வைத்தார்கள் என்று பொறித்திருக்கிறது. அதில் வண்ணத்தின் எச்சங்கள் இருந்ததால் அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை ஓரளவு மீட்டெடுக்க முடிந்தது. அடர்ந்த நிறத்தில் விலங்கும் அதன் மேல் புள்ளிகளுமாகப் பார்த்தால், நாம் பழகிய சாம்பல் கல்லோடு சற்றும் ஒட்டாத பொருளாக அது தெரிகிறது.

பிராம்ப்டன் கரடிக்குப் பழுப்பு நிறமும் வாய்ப்பூட்டுக்குச் சிவப்பும் கூரைச் சில்லுகளுக்கு மாறி மாறி இரு நிறங்களும் கொடுத்துக் கற்பனை செய்து பாருங்கள். இது என் ஆசைதான், சான்று இல்லை. ஆனால் தேவாலய முற்றத்துக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் பட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் இது என்பதை நிறம் இல்லாமல் உணர முடியாது.

#10 கல்தச்சன்

செய்முறை பற்றி ஒரு சொல். கல் வேலை எனக்குக் குடும்பத் தொழில் என்பதால் என் கண் அங்கேயே போகிறது. ஒரே ஊரிலோ அண்டை ஊர்களிலோ உள்ள கற்களில் சில உருவங்கள் அளவு மாறாமல் திரும்ப வருகின்றன. தோலிலோ பலகையிலோ வெட்டிய அச்சைக் கல் மேல் வைத்துச் சுற்றிக் கோடிழுத்திருக்கிறார்கள் என்று ரிச்சர்ட் பெய்லி 1980களை ஒட்டிய ஆய்வுகளில் காட்டினார். பிராம்ப்டனிலும் டீஸ் ஆற்று வளைவிலுள்ள சாக்பர்னிலும் ஒரே பட்டறையின் கை தெரிகிறது என்பார்கள். அதாவது ஊர் ஊராகக் கல் எடுத்து வேலை செய்த தச்சர் குழு ஒன்று இருந்திருக்கிறது. அவர்களுக்குக் கூலி கொடுக்கக் கூடியவர்களும் இருந்திருக்கிறார்கள்.

இந்தத் தச்சர்கள் யார்? நார்வேயிலிருந்து கப்பலில் வந்தவர்கள் மரத்தில் கைதேர்ந்தவர்கள், கல்லில் அல்லர். வட இங்கிலாந்தின் பழைய அரசான நார்தம்பிரியாவிலோ 8ஆம் நூற்றாண்டிலிருந்தே ரூத்வெல், பியூகாசில் போன்ற சிலுவைத் தூண்களைச் செதுக்கிய மரபு இருந்தது. வீட்டு வடிவக் கல்லும் ஆங்கில நாட்டுக்குப் புதிதன்று. பீட்டர்பரோ பேராலயத்தில் உள்ள ஹெட்டா கல்லைப் பாருங்கள். சரிந்த கூரையும் பக்கங்களில் கிறிஸ்துவும் மரியாளும் சீடர்களுமாக, திடமான ஒரே கல்லில் வீடு. வைக்கிங்குகள் குடியேறுவதற்கு முன்பே செதுக்கப்பட்டது அது. புனிதர்களின் எலும்புகளை வைக்கும் வீட்டு வடிவப் பேழைகள் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஏற்கெனவே இருந்தன. ஆகவே நீலமலையின் முதல் கேள்விக்கு என் விடை இதுதான்: கையும் உளியும் உள்ளூர், பணமும் ஆசையும் வந்தவர்களுடையவை.

#11 வடகடல்

கல்தச்சன் சொன்னதில் முக்கால் பங்கு எனக்கும் உடன்பாடு, காசில்டெர்மட் புதிருக்கும் அதிலேயே விடை இருக்கிறது. டப்ளினில் குடியேறிகள் நகர வணிகர்கள். யார்க்ஷயரிலும் கம்பிரியாவிலும் அவர்கள் நிலம் பெற்று, ஏற்கெனவே தேவாலயமும் கல் வேலையும் இருந்த ஊர்களில் புதுப் பிரபுக்களாக அமர்ந்தார்கள். அண்டை வீட்டு ஆங்கிலேயப் பிரபு பார்க்கும்படி, அவருக்கும் புரியும் மொழியில், ஆனால் அவருடையதைப் போலவே இல்லாத ஒன்றை முற்றத்தில் வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. அந்தத் தேவை நார்வேயிலும் இல்லை, டப்ளினிலும் இல்லை.

முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்டால் மாற்றத்தின் வேகம் தெரியும். 873-74 குளிர்காலத்தில் வைக்கிங்குகளின் பெரும்படை டெர்பிஷயரின் ரெப்டனில் தங்கியபோது புதைத்த ஒரு வீரனின் கழுத்தில் தோரின் சுத்தியல் இருந்தது, பக்கத்தில் வாள் இருந்தது. அவ்விடத்துக்கு அருகிலுள்ள ஹீத் வுட்டில் 59 மேடுகளில் பிணங்களை எரித்துச் சாம்பலோடு மூடினார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், அதே மக்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், கல்லறைக்குள் வைக்கும் பொருள் அருகி, கல்லறை மேல் வைக்கும் கல் பெருகுகிறது. செல்வத்தை மண்ணுக்குள் மூடாமல், மேலே எல்லோரும் பார்க்க வைத்தார்கள்.

கல்தச்சனோடு உடன்படாத கால் பங்கு கரடி. ஹெட்டா கல்லில் கரடி இல்லை, பேழைகளிலும் இல்லை. அது வந்தவர்கள் கொண்டுவந்தது.

#12 நீலமலை

கரடிக்கு ஏன் வாய்ப்பூட்டு என்பது இன்னும் நிற்கிறது. வீட்டைக் காக்கும் விலங்கு என்றால் அதன் வாயைக் கட்டுவானேன்? அடக்கிய காட்டு வலிமை, அதாவது திருமுழுக்குப் பெற்ற வீரன் என்று ஒரு விளக்கம் படித்தேன். உருவமற்றுப் பிறக்கும் குட்டியைத் தாய்க்கரடி நக்கி நக்கி உருக்கொடுக்கிறது என்ற பழைய நம்பிக்கையை உயிர்த்தெழுதலோடு இணைக்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டும் சற்று அதிகமாகப் படித்தவர்களின் விளக்கமாகத் தோன்றுகின்றன. உயிருள்ள கரடியைக் கட்டி இழுத்துச் செல்லும் செல்வாக்குள்ள வீடு என்று ஊரார் புரிந்துகொண்டிருந்தாலே போதாதா?

கோவன் பக்கம் வருகிறேன். 870இல் டப்ளினின் வைக்கிங் மன்னர்கள் ஓலாஃபும் ஐவாரும், கிளைடு ஆற்றுப் பிரிட்டானியரின் (ஆங்கிலேயருக்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்கள்) தலைநகரான டம்பார்ட்டன் பாறைக்கோட்டையை நான்கு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். மறு ஆண்டு 200 கப்பல்களில் ஏராளமான கைதிகளோடு டப்ளின் திரும்பினார்கள் என்று ஐரிஷ் ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. அதன் பின் அப்பிரிட்டானியரின் ஆட்சி மையம் மேலாற்றுப் பக்கம் கோவனுக்கு நகர்ந்தது. அப்படியென்றால் தம் தலைநகரை அழித்தவர்களின் பாணியில், அவர்களுடையதைவிடப் பெரிய கற்களைப் பிரிட்டானிய அரசகுடும்பமே தன் இடுகாட்டில் வைத்திருக்கலாம் அல்லவா? வைக்கிங் கல் என்ற பெயர்ப்பலகை கோவனுக்குப் பொருந்துமா என்பதே எனக்கு ஐயமாகிவிட்டது.

#13 வடகடல்

பொருந்தாமல் போகலாம். கோவன் கற்களில் பிராம்ப்டனைப் போன்ற முழுக் கரடி இல்லை. விலங்கு பெருத்துக் கல்லையே தன் உடலாக்கிக்கொள்கிறது, கால்கள் பக்கங்களில் இறங்குகின்றன. பாணியைக் கடன் வாங்கியவர்கள் பெரிதாக்கினார்கள் என்று கொண்டால் அளவுக்கும் விளக்கம் கிடைக்கிறது. பெயர் பொறித்த ஹாக்பேக் எதையும் நான் பார்த்ததில்லை என்பதால் இதை உறுதியாக முடித்துவைக்க வழியில்லை. மான் தீவில் கவுட் என்ற சிற்பி, இதையும் தீவிலுள்ள எல்லாவற்றையும் செய்தவன் நானே என்று கர்க் மைக்கேல் சிலுவையில் ரூன் எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறான். நம் ஹாக்பேக் தச்சர்களில் ஒருவருக்காவது அந்தத் தற்பெருமை இருந்திருக்கக் கூடாதா!

#14 தேன்சிட்டு

கோவனில் தொலைந்த கற்கள் மீண்டும் கிடைத்ததாகச் செய்தி வந்ததே, அவையும் ஹாக்பேக்குகளா?

#15 நீலமலை

இல்லை. அவை தட்டையான கல்லறைப் பலகைகள். கோவன் தேவாலய முற்றத்தில் 40க்கும் மேற்பட்ட செதுக்குக் கற்கள் இருந்ததாக 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் உள்ளன; 31 மட்டுமே உள்ளே பாதுகாக்கப்பட்டன. மற்றவை மதிலோரம் கிடந்தன. பக்கத்துக் கப்பல் கட்டும் தளத்தின் கட்டடத்தை 1970களில் இடித்தபோது அவையும் இடிபாடுகளோடு அழிந்துவிட்டன என்றே நம்பினார்கள். 2019இல் ஊர் மக்கள் பங்கேற்ற அகழாய்வில் 14 வயது மாணவர் ஒருவர் மண்ணுக்குள் ஒரு கல்லைத் தட்டிப் பார்க்க, தொடர்ந்து மூன்று கற்கள் வெளிவந்தன. மற்றவை இன்னும் அந்த முற்றத்திலேயே புதைந்திருக்கலாம்.

நேரில் பார்க்க எண்ணுபவர்களுக்கு ஒரு குறிப்பு: நேரடியாக மேலிருந்து விழும் வெளிச்சத்தில் செதில்களும் கால்களும் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் ஒளி விழும்போது பாருங்கள், அல்லது கைவிளக்கைக் கல்லின் ஓரமாகத் தாழ்த்திப் பிடிக்கலாமா என்று அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.